ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றும்... ஆளைக் காப்பாற்றுவது எது?

‘இந்தத் தடவை கரன்ட் பில் எவ்வளவு?’ என்று கேட்காத குடும்பம் கிடையாது. ‘நம்ம வீட்டு எர்த் ஒழுங்கா வேலை செய்யுதா?’ என்று கேட்கிற குடும்பம் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம்!

சேலம், நாமக்கல் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் அழுத்தமாகவே கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே வீடு என்பது பல இடங்களில் வெறும் வீடு அல்ல. குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை என்று போனால் வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடும். சேலத்தில் வீட்டுக்குள்ளேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கும். தோட்டத்து வீடு என்றால் கிணற்று மோட்டார், போர் மோட்டார். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. எல்லாவற்றுக்கும் கரன்ட் வேண்டும்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1937-ல் அங்கே மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று நான்கு தலைமுறைப் பழக்கம் நமக்கு. பழகிவிட்டால் பயம் போய்விடுகிறது. பயம் போனால் பரவாயில்லை, விஷயம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வீடுகளில் சாதாரணமாகக் கேட்கப்படும் சந்தேகங்களையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வோல்ட், ஆம்பியர், வாட்... இதெல்லாம் என்னங்க?

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்குக் குழாயில் தண்ணீரின் வேகம் இருக்கும். அந்த அழுத்தம்தான் வோல்ட். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். குழாய் வழியாக ஓடுகிற தண்ணீரின் அளவு இருக்கிறதே, அதுதான் ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். 1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதாவது 2000 வாட் வாட்டர் ஹீட்டரை அரை மணி நேரம் போட்டால் ஒரு யூனிட் போயிற்று.

சரி, ஷாக் அடித்தால் உயிரை எடுப்பது எது? உடம்பு வழியாக ஓடுகிற ஆம்பியர்தான். அதுவும் ஆம்பியர் கணக்கில் வேண்டியதில்லை, ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி ஆம்பியர் கணக்கே போதும்.

ஒரு மில்லி ஆம்பியர் ஓடினால் லேசாகச் ‘சுர்’ என்று தெரியும். 10 மில்லி ஆம்பியரை நெருங்கும்போது கைத் தசைகள் இறுகிக்கொள்ளும். பிடித்ததை விட முடியாது. ‘கரன்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு’ என்கிறோமே, அது இதுதான். கரன்ட் நம்மைப் பிடிப்பதில்லை, நம் தசையே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதைவிடக் குறைந்த அளவிலேயே இப்படி ஆகிவிடும். 30 மில்லி ஆம்பியரில் மூச்சு விடுவதே சிரமம். 50-லிருந்து 100-க்குள் போய்ச் சில விநாடி நீடித்தால் இதயம் தாளம் தப்பி, துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

இதை எதோடு ஒப்பிடலாம்? 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்று இழுக்கிற கரன்ட் 40 மில்லி ஆம்பியருக்குக் குறையாது. ஆக, ஒரு சின்ன பல்பை எரிய வைக்கிற கரன்ட் ஓர் ஆளைச் சாய்க்கவும் போதும்!

காய்ந்த தோல் கரன்டை ஓரளவு தடுக்கும். ஈரமான தோல் தடுக்காது. கை கால் நனைந்திருந்தால் உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230-ஐ 1000-ஆல் வகுத்துப் பாருங்கள். 230 மில்லி ஆம்பியர் வருகிறது. குளியலறை, துவைக்கிற கல், கிரைண்டர் கழுவும் இடம்... இங்கெல்லாம் ஷாக் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது என்பது இப்போது புரிகிறதா?

ஏனுங்கண்ணா, ஃப்யூஸ்தான் இருக்குதே, அது காப்பாத்தாதுங்களா?

எலெக்ட்ரீஷியனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி. பதில்: காப்பாற்றாது.

ஃப்யூஸின் வேலையே வேறு. வயரில் அளவுக்கு மீறிக் கரன்ட் ஓடினால் வயர் சூடாகி உருகித் தீப்பிடிக்கும். அப்படி ஆவதற்கு முன்னால் ஃப்யூஸ் தான் உருகி, வயரைக் காப்பாற்றுகிறது. இப்போது ஃப்யூஸ் கட்டைக்குப் பதிலாகப் பல வீடுகளில் எம்.சி.பி. வந்துவிட்டது. டப்பென்று கீழே விழுகிற அந்தச் சின்ன ஸ்விட்ச். வேலை அதே வேலைதான்.

16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 16 ஆம்பியர் வரைக்கும் அது நிம்மதியாக நின்றுகொண்டிருக்கும். உங்கள் உடம்பு வழியாக ஓடப்போவதோ கால் ஆம்பியர்கூட இல்லை. எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது இன்னும் நாலு பல்பு போட்ட மாதிரி! அது ஏன் விழப் போகிறது?

அப்ப எர்த் எதுக்குங்க?

கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் என்று இரும்பு உடம்பு உள்ள சாமான்களில் உள்ளே ஒரு வயர் தேய்ந்து உடம்பில் பட்டுவிட்டால், உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்துவிடும். அதைத் தொடுகிறவர் வழியாகக் கரன்ட் பூமிக்கு இறங்கும். இது நடக்கக் கூடாது என்றுதான் அந்த இரும்பு உடம்பிலிருந்து ஒரு தனி வயரைக் கொண்டுபோய், தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்த குழாயோடு இணைக்கிறார்கள். கரன்டுக்கு உங்களைவிடச் சுலபமான வழி கிடைத்துவிடுகிறது.

மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கிற பின் மட்டும் கொஞ்சம் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எர்த் பின். செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் எர்த் விடுபட வேண்டும். அதற்காகத்தான் அந்த நீளம். ‘சாக்கெட்டில் போகமாட்டேங்குது’ என்று அந்தப் பின்னை வெட்டி எறிவதும், மூன்று பின்னை இரண்டு பின்னாக்குகிற அடாப்டரில் செருகுவதும், பாதுகாப்பை நாமே காசு கொடுத்துக் கழற்றி வைக்கிற காரியம்.

எங்க வீட்டுல எர்த் குழி இருக்குதுங்க. பயமில்லைதானே?

இங்கேதான் நம் ஊர் மண் குறுக்கே வருகிறது.

எர்த் குழியின் பலம் மண்ணைப் பொறுத்தது. ஈரமான களிமண், வண்டல் என்றால் கரன்ட் சுலபமாக இறங்கும். காய்ந்த மண்ணிலும் பாறையிலும் இறங்காது. சேலம், சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் மேலே கொஞ்சம் செம்மண், கீழே பாறை என்று இருக்கிற இடங்கள் ஏராளம். ஊர் ஊராய், மாநிலம் மாநிலமாய்ப் போய்ப் பாறையைத் துளைக்கிற போர்வெல் லாரிகள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பியதே காரணமில்லாமல் இல்லை. அந்தப் பாறைதான் எர்த் விஷயத்தில் நமக்கு எதிரி. சித்திரை, வைகாசியில் மேல் மண்ணும் காய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கரன்ட் எர்த் வழியாக இறங்கித் திரும்புகிற பாதையின் மொத்தத் தடை 10 ஓம் என்று வையுங்கள். வாட்டர் ஹீட்டரின் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டது. 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உடனே விழாது. ஒரு மணி நேரம்கூடத் தாக்குப் பிடித்து நிற்கலாம். பாறை மண், காய்ந்த குழி, தடை 50 ஓம் என்றால்? 4.6 ஆம்பியர்தான் ஓடும். எம்.சி.பி. என்றைக்குமே விழாது. ஹீட்டரின் உடம்பில் கரன்ட் ஆள் பிடிக்கக் காத்துக்கொண்டே இருக்கும். எர்த் குழியும் இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது!

அதற்காக எர்த் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எர்த் கட்டாயம் வேண்டும். ஆனால், நம் மண்ணில் எர்த் மட்டும் போதாது. இதைத்தான் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

போதாதுன்னா வேற என்னங்க பண்றது?

மெயின் போர்டில் எம்.சி.பி.களோடு ஆர்.சி.சி.பி. என்று ஒரு சாதனம் இருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் கடைக்காரர்களும் எலெக்ட்ரீஷியன்களும் இதை ‘இ.எல்.சி.பி.’ என்றும் சொல்வார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? ரொம்ப எளிமையான யோசனை. ஃபேஸ் வயரில் வீட்டுக்குள் போகிற கரன்ட் அத்தனையும் நியூட்ரல் வயரில் திரும்பி வர வேண்டும். போனது 5 ஆம்பியர் என்றால் வந்ததும் 5 ஆம்பியர். இந்த இரண்டு வயர்களையும் ஒரு வளையத்துக்குள் விட்டு, போனதும் வந்ததும் சரியாக இருக்கிறதா என்று இந்தச் சாதனம் ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. கணக்கு உதைத்தால் என்ன அர்த்தம்? வேறு எங்கேயோ, ஒருவேளை ஒரு மனிதரின் உடம்பு வழியாக, கரன்ட் கசிகிறது. உடனே இரண்டு வயரையும் துண்டித்துவிடும்.

எவ்வளவு கசிந்தால்? வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அந்த அளவு கசிந்தால் 0.3 விநாடிக்குள் துண்டிக்கும். கசிவு அதிகமென்றால் இன்னும் சீக்கிரம், கண் சிமிட்டும் நேரத்தில். இதயம் தாளம் தப்புவதற்கு முன் கரன்ட் போய்விடும். நம் மண்ணின் 50 ஓம் தடை இதற்கு ஒரு பொருட்டே இல்லை. எர்த் வழியாக 4.6 ஆம்பியர் கசிவது இதற்கு மிகப் பெரிய கசிவு. ஹீட்டரில் கோளாறு வந்த அந்த நிமிஷமே, யாரும் தொடுவதற்கு முன்னாலேயே, துண்டித்துவிடும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஜோடியாக இருந்தால் இதுதான் லாபம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல், எவ்வளவு கரன்ட் வரை ஒருவரால் கையை விடுவித்துக்கொள்ள முடியும் என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர். வீடுகளில் ஆட்களைக் காப்பதற்காக இதே தத்துவத்தில் நுட்பமான ஒரு சாதனத்தை 1961-ல் அவர் உருவாக்கினார்.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று முகப்பில் போட்டிருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகளும் கடையில் உண்டு. அவை தீ விபத்தைத் தடுக்க. ஆளைக் காக்க அல்ல. விலை? ஓர் இளம்பிள்ளைப் பட்டுப் புடவைக்கு யோசிக்கிற அளவுக்குக்கூட யோசிக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் ஒருவர் பிடித்துவிட்டால் கணக்கு சரியாகவே இருக்கும். இந்தச் சாதனமும் காப்பாற்றாது. ஆகவே, ஆர்.சி.சி.பி. இருக்கிற தைரியத்தில் விளையாடக் கூடாது.

அடிக்கடி விழுந்து தொல்லை பண்ணுதுங்களே?

மழைக்காலத்தில் இந்தப் புகார் அதிகம். எரிச்சலில் சிலர் அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைத்த கதைதான்!

விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. எல்லாச் சாமான்களின் பிளக்கையும் கழற்றுங்கள். ஆர்.சி.சி.பி.யைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ, அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் பழைய வாட்டர் ஹீட்டரோ, தண்ணீர் புகுந்த கிரைண்டரோ, மொட்டை மாடி விளக்கோ இருக்கும். எதுவும் செருகாமலேயே விழுந்தால் சுவருக்குள் இருக்கும் வயரில் கோளாறு. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

பையன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டா ‘சுர்ருன்னு’ அடிக்குதுங்கறான். கெட்டுப் போச்சுங்களா?

அநேகமாகக் கம்ப்யூட்டர் கெடவில்லை. எர்த் இல்லை! கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள், மின் இரைச்சலை வடிகட்டச் சின்ன மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை மிகச் சிறிய அளவு கரன்டை எர்த்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் இரும்புப் பெட்டியிலேயே தங்கி, தொடுகிறவர் வழியாகப் போகும். அளவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான், சாதாரணமாக ஆபத்தில்லை. ஆனால், அந்தச் ‘சுர்’ ஒரு தகவல். அந்தச் சாக்கெட்டில் எர்த் இல்லை என்று கம்ப்யூட்டர் உங்களுக்குச் சொல்கிறது. நாளைக்கு அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகுவீர்களே, அதை நினைத்துப் பாருங்கள்.

‘எர்த் இல்லைன்னா என்ன, நியூட்ரலையே எர்த் பின்னில் சேர்த்துடலாம்’ என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். மிகவும் ஆபத்தான குறுக்கு வழி இது. வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால், வீட்டில் இருக்கிற இரும்புச் சாமான் அத்தனையிலும் ஒரே நேரத்தில் கரன்ட் வந்துவிடும். தண்ணீர்க் குழாயில் எர்த் வயரைச் சுற்றி வைப்பதும் இதே ரகம். குழாய் பூமிக்குள் போகிற இடத்தில் பிளாஸ்டிக்காக இருந்தால், எல்லாக் குழாயிலும் ஷாக் அடிக்கும்.

வேற எங்கெல்லாம் கவனமா இருக்கணுமுங்க?

துணி காயப்போடும் கம்பி. இரும்புக் கம்பியைக் கரன்ட் கம்பத்திலோ, சர்வீஸ் வயர் இறங்குகிற பைப்பிலோ கட்டாதீர்கள். வயர் தேய்ந்து கம்பியில் பட்டால், ஈரத்துணி போடப் போன கை திரும்பி வராது. நைலான் கயிறு போதும்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடு. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியே உத்தமம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த ராடு வேண்டவே வேண்டாம்.

இன்வெர்ட்டர். மெயினை அணைத்துவிட்டோம் என்று தைரியமாகக் கை வைக்காதீர்கள். இன்வெர்ட்டர் லைனில் கரன்ட் இருந்துகொண்டே இருக்கும்.

தறிக்கூடம், பட்டறை. இங்கே வருவது த்ரீ ஃபேஸ். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவில் சுமார் 400 வோல்ட். தறிக்கூடத்துக்கென்று தனி எர்த், தனி ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். வீட்டுக்கு வைத்தது அங்கே காக்காது.

ஷாக் அடிச்சுருச்சுன்னா என்ன செய்யணுமுங்க?

முதலில், தொடாதீர்கள். பாசத்தில் ஓடிப்போய்ப் பிடித்து, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் சாய்ந்த சம்பவங்கள் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கின்றன. மெயின் ஸ்விட்சை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த பலகை மேலோ பிளாஸ்டிக் ஸ்டூல் மேலோ நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஆளைத் தள்ளி விடுங்கள். இது வீட்டு லைனுக்கு மட்டும். தெருவில், காட்டில் கம்பி அறுந்து விழுந்திருந்தால் 30 அடிக்குக் கிட்டத்தில் போகவே கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, லைனை அணைத்த பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

ஆள் விடுபட்டதும் 108-க்கு ஃபோன் செய்யச் சொல்லிவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சு மூச்சு இல்லையென்றால் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்தி அழுத்தி விடுங்கள். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். நாலைந்து நிமிஷம் ரத்தம் போகாவிட்டால் மூளை பாதிக்க ஆரம்பித்துவிடும். மணலில் புதைப்பது, உள்ளங்கால் தேய்ப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்தப் பொன்னான நிமிஷங்களை வீணடிக்கிற வேலை.

எழுந்து நடமாடுகிறாரே என்று விட்டுவிடவும் கூடாது. இதயத்தின் தாளத்தைப் பார்க்க ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். கரன்ட் சூடு வெளியே பட்டாணி அளவுக்குத் தெரிந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கலாம். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், சிதைந்த தசையிலிருந்து வந்த பொருள் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம். நேரத்தைக் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்கு லேசான ஷாக் அடித்திருந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். ‘டெஸ்ட்’ என்று எழுதிய சின்னப் பொத்தானுடன் ஒரு சாதனம் இருக்கிறதா? இருந்தால் பொத்தானை அழுத்துங்கள். டப்பென்று விழுந்தால் அது வேலை செய்கிறது. விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். மாதம் ஒரு முறை இப்படி அழுத்திப் பார்க்க வேண்டும்.

அந்தப் பொத்தானே இல்லையென்றால், உங்கள் வீட்டில் வயருக்குத்தான் பாதுகாப்பு, ஆளுக்கு இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதல் வேலையாக ஒன்றைப் பொருத்துங்கள். வந்தவரிடமே, எர்த் குழியின் தடையை மீட்டர் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். டெஸ்டர் எரிகிறதா என்று மட்டும் பார்ப்பது அளவு ஆகாது. வெயில் காலத்தில் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றுகிறோமே, அதோடு அதற்கும் சேர்த்து!